குரலே போதும்

பிரேக் பழுதான ரயிலைவிட்டுக் குதிக்காமல் 1957-இல் உயிரைக் கொடுத்தவர் ஆங்கிலேய ஓட்டுநர் ஜான் ஆக்ஸன். மறு ஆண்டே அவரைப் பற்றி பிபிசி வானொலியில் நிகழ்ச்சி செய்தார்கள் சார்லஸ் பார்க்கர், இவான் மக்கால், பெக்கி சீகர். தொழிலாளர்களின் பேச்சைப் பதிந்து, பிறகு நடிகர்களைப் பேசவைப்பது அன்றைய வழக்கம். நாடாவைக் கேட்ட மக்கால் மனம் மாறினார்: அந்தக் குரல்களே ஒலிக்கட்டும். நல்லவேளை!

அதே வரிசையில் 1960-இல் வந்த 'சிங்கிங் தி ஃபிஷிங்'தான் எனக்கு உச்சம். ஹெர்ரிங் மீன்பிடித்தே வாழ்ந்த நார்ஃபோக் கிழவர் சாம் லார்னர், எண்பதைக் கடந்த குரலில், ஊர்க் கொச்சை மாறாமல் பேசுகிறார். இடையில் விளக்கம் சொல்ல ஆளில்லை. பேச்சு முடியும் மூச்சிலேயே பாட்டு ஏறிக்கொள்கிறது. அலைமேல் படகு ஏறுவதுபோல. புரியாத சொற்கள் நிறைய உண்டு. அதனாலென்ன? வரிசையில் மொத்தம் 8 நிகழ்ச்சிகள். முதலில் இந்த மீன்பிடி நிகழ்ச்சியைக் கேளுங்கள், விளக்கை அணைத்துவிட்டு.