'தளர்த்து' என்னும் வினை: ஒரு பொருளாய்வு

பிறர் உள்ளத்து ஊக்கத்தைக் குறைத்தலை உணர்த்தத் தமிழில் வழங்கும் சொற்களுள் 'தளர்த்து' என்பதும் ஒன்று. 'அதைரியப்படுத்து', 'மனத்தை உடை' என்பனவற்றோடு இதனை ஒருபொருட் பன்மொழியாகக் கொண்டு, ஒன்றன் இடத்தில் மற்றொன்றை ஆளுதல் மொழிபெயர்ப்புக்களிற் காணப்படுகிறது. அது பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

'தளர்' என்னும் தன்வினை, உயர்–உயர்த்து, நிமிர்–நிமிர்த்து என்பன போலப் பிறவினையாயிற்று. மலையாளத்தும் தளருக, தளர்த்துக என இவ்விணை உண்டு. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, தளர்தலுக்குச் சோர்தற் பொருளையும் நெகிழ்தற் பொருளையும் காட்டுகிறது. இவற்றுள் அடிப்படையாவது யாது?

சோர்தலே எனின், 'தளர்நடை' என்னும் வினைத்தொகை அதற்குத் தடையாகும். பெரியாழ்வார் திருமொழியில் இது குழவிக் கண்ணனின் நடையைக் குறிக்கிறது. குழவி களைத்து நடப்பதன்று. அதன் நடை இன்னும் திண்மை பெறவில்லை, அவ்வளவே. முடிச்சைத் தளர்த்துவார்க்கும் சோர்வூட்டும் கருத்து இல்லை. 2020-இல் ஊரடங்கிற்கு அரசு அளித்த தளர்வுகளை மக்கள் வரவேற்றனர். ஆகவே திண்மையின்மை, நெகிழ்வு என்பனவே இவ்வெல்லா வழக்கிற்கும் பொதுவாகும். சோர்வு அதன்வழித் தோன்றிய பொருள் என்க. இதுகொண்டு 'தளை' என்பதோடு 'தளர்' என்பதனை இயைத்து ஒரே வேர் காட்டல் சாலாது. ஒலியொப்புமை ஒன்றே சான்றாகாது.

இனி, 'அதைரியம்' என்பது வடமொழித் தைரியத்தின் எதிர்மறை. அதைரியப்படுத்துவார் துணிவைப் போக்கி அச்சத்தைப் புகுத்துகின்றனர். உடைத்தலோ முறிவினைக் காட்டுவது. துணிவு சிறிதும் குன்றாதானும், தன் உழைப்புப் பயனற்றது எனப் பிறர் பலகாற் கூறக் கேட்டு உள்ளம் தளரக்கூடும். அவனை 'அதைரியப்பட்டான்' என்று பெயர்த்தெழுதின் இல்லாத கோழைமையை அவன்மேல் ஏற்றுகின்றோம். 'உடைந்தான்' எனின், அவன் மீளும் வழியையே அடைத்துவிடுகின்றோம். நெகிழ்ந்தது மீண்டும் இறுகும். முறிந்தது எளிதிற் பொருந்தாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. மூலம் 'தளர்த்தினர்' என்னும் பொருள்பட நிற்ப, 'தளர்ந்தான்' எனத் தன்வினையாற் பெயர்ப்பின், ஊக்கங் கெடுத்தார் வாக்கியத்தினின்று மறைந்துவிடுகின்றனர். பழி தளர்ந்தவன் மேலேயே நிற்கிறது. இம்மூன்று சொற்களையும், அவற்றின் தன்வினை பிறவினை வடிவங்களையும் வேறுபிரித்து ஆளுதல் சொல்லழகிற்காக அன்று. யார் யாருக்கு என்ன செய்தார் என்னும் உண்மையைக் காத்தற்கே என்பது எம் துணிபு.