கேட்போரும் களனும்: டெஹ்ரான் வாசிப்பு வட்டத்தில் மேலைப் புதினம்

முன்னுரை

புதினம் தனிமையில் படிப்பதற்குரிய இலக்கிய வகை என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். அச்சுத் தொழிலின் பெருக்கத்தோடு வளர்ந்த இவ்வகையை ஒருவர் தம் அறையில் அமர்ந்து ஓசையின்றிப் படிப்பதே இயல்பு என்று திறனாய்வாளர் பலரும் கொள்வர். எனினும் நண்பர்கள் சிலர் ஒன்றுகூடி ஒரு புதினத்தைப் படித்துத் தம்முள் கருத்தாடும் வழக்கமும் நெடுங்காலமாக உள்ளது. அவ்வாறு கூடிப் படிக்கும்போது புதினத்தின் பொருள் மாறுகிறதா, மாறின் அப்பொருளை உரைக்கும் உரிமை யாருடையது என்னும் வினாக்கள் போதிய அளவில் ஆராயப்படவில்லை. இவ்வினாக்களைக் கூர்மையாக எழுப்பும் நூல், அஸார் நஃபீஸி 2003இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரீடிங் லோலிட்டா இன் டெஹ்ரான்' என்னும் நினைவுக் குறிப்பு நூலாகும். அந்நூல் காட்டும் வாசிப்பு வட்டத்தைத் தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகிய உறுப்புகளின் துணைகொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேட்போரையும் களனையும் செய்யுளுக்குப் புறத்தே நிற்பனவாகக் கருதாமல் செய்யுளின் உறுப்புகளாகவே எண்ணியது தொல்காப்பியம். யார் கூறினார், யார் கேட்டார், எவ்விடத்தில், எக்காலத்தில் என்பன தெளிவாகாமல் அகப்பாடலின் பொருள் முற்றுப்பெறாது. இக்கொள்கை அகப்பாடலுக்கு வகுக்கப்பட்டதாயினும், கூடிப் படிக்கும் வாசிப்பை விளக்குவதற்கும் பெரிதும் பயன்படுகிறது.

வட்டத்தின் தோற்றம்

நஃபீஸி ஆங்கில இலக்கியப் பேராசிரியர். முக்காடு அணிய மறுத்தமையால் டெஹ்ரான் பல்கலைக்கழகப் பணியை 1981இல் இழந்தவர். பின்னர் அல்லாமே தபாதபாயீ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1995இல் அப்பணியையும் துறந்தார். அதன்பின் தம் மாணவியருள் எழுவரைத் தேர்ந்தெடுத்து, வியாழக்கிழமை தோறும் காலையில் தம் வீட்டில் கூட்டி மேலைப் புதினங்களைப் படித்தார். ஏறத்தாழ ஈராண்டுகள் நீடித்த இவ்வட்டம் 1997இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறியபோது முடிவுற்றது. மன்னா, மஹ்ஷித், யாஸ்ஸி, அஸீன், மித்ரா, சானாஸ், நஸ்ரீன் என்பன நூலில் அம்மாணவியர்க்கு இடப்பட்ட பெயர்கள். அவர்களுடைய பாதுகாப்புக் கருதிப் பெயர்களும் சில விவரங்களும் மாற்றப்பட்டுள்ளன என்பதை நூலே அறிவிக்கிறது.

லோலிட்டா, காட்ஸ்பி, ஜேம்ஸ், ஆஸ்டின் என்னும் நான்கு பகுதிகளைக் கொண்டது இந்நூல். நூலின் தொடக்கத்தில் இரண்டு ஒளிப்படங்கள் வருணிக்கப்படுகின்றன. ஒன்றில் மாணவியர் சட்டம் விதித்தவாறு கருநிற மேலங்கியும் முக்காடும் அணிந்துள்ளனர். மற்றொன்றில் அவற்றைக் களைந்து தத்தமக்குரிய வண்ண உடைகளில் காணப்படுகின்றனர். தெருவும் வீட்டுக் கூடமும் ஒரே நகரில் அமைந்த இருவேறு களன்கள் என்பதை இவ்விரு படங்களும் உணர்த்துகின்றன. கூடத்தில் ஆசிரியர் அமரும் இடத்திற்கு எதிரே ஒரு கண்ணாடி உள்ளது. வெளியே உள்ள மலைகளை அவர் அக்கண்ணாடியின் வழியாகவே காண்கிறார். புறவுலகை நேரே காணாமல் நிழலுருவாகக் காணும் இவ்வமைப்பு வட்டத்தின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே குறிப்பதாகக் கொள்ளலாம்.

களன் மாறப் பொருள் மாறுதல்

விளாதிமிர் நபக்கோவின் 'லோலிட்டா' 1955இல் பாரிசில் வெளிவந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமியைத் தன் வயப்படுத்தும் ஹம்பர்ட் என்பான் தானே கதை கூறுவதாக அமைந்தது அப்புதினம். மேலைநாட்டில் அந்நூலைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் அதன் ஒழுக்கத்தையும் மொழியழகையும் சுற்றியே நிகழ்ந்தது. டெஹ்ரான் வட்டத்தின் நோக்கு வேறு. ஒருவருடைய வாழ்வை மற்றொருவர் தம் கற்பனைக்கேற்பப் பறித்துக்கொள்ளுதலே அப்புதினத்தின் மையம் என அவ்வட்டம் காண்கிறது. டோலரஸ் என்னும் அச்சிறுமிக்கு அவளுடைய பெயர்கூட முழுமையாக உரியதாக இல்லை. 'லோலிட்டா' என்பது ஹம்பர்ட் சூட்டிய பெயர். அவளுடைய கடந்த காலமும் துயரமும் அவனுடைய கூற்றின் இடைவெளிகளில் மட்டுமே புலப்படுகின்றன.

இந்நோக்கு அம்மாணவியர் வாழ்ந்த காலத்தின் விளைவாகும். 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் பெண்களின் திருமண வயது பதினெட்டிலிருந்து ஒன்பதாகக் குறைக்கப்பட்டது. அது பதின்மூன்றாக உயர்த்தப்பட்டது 2002இல்தான். உடை, நடை, தெருவில் உடன் செல்வோர் ஆகிய அனைத்தும் பிறர் வகுத்த கற்பனைக்கு உட்பட்ட சூழலில், டோலரஸின் நிலை அவர்களுக்கு அயலாகத் தோன்றவில்லை. எனினும் மாணவியரே லோலிட்டா, ஆட்சித் தலைவரே ஹம்பர்ட் என்னும் நேர் உருவகத்தை நஃபீஸி வெளிப்படையாக மறுக்கிறார். எத்தகைய முற்றதிகார நோக்கிற்கும் எதிரானது அப்புதினம் என்பதே அவர் கருத்து. நூலைப் பழித்தோரும் புகழ்ந்தோரும் பலவேளை இம்மறுப்பைக் கருத்திற் கொள்ளவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது.

கருத்து மாறுபாடே வட்டத்தின் உயிர்

கூடிப் படித்தலின் பயன் ஒருமித்த கருத்தை அடைவதில் இல்லை என்பதை 'காட்ஸ்பி' பகுதி காட்டுகிறது. இப்பகுதியின் நிகழ்வுகள் வியாழக்கிழமை வட்டத்திற்கு முந்தியவை. புரட்சியை ஒட்டிய காலத்தில், டெஹ்ரான் பல்கலைக்கழக வகுப்பறையில், ஆணும் பெண்ணும் கலந்த மாணவர் நடுவே நிகழ்ந்தவை. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'த கிரேட் காட்ஸ்பி' பிறன்மனை நயத்தலைப் போற்றுகிறது என நியாஸி என்னும் மாணவர் குற்றம் சாட்டுகிறார். அதன் விளைவாக அப்புதினத்தின்மீதே வகுப்பில் வழக்கு நடத்தப்படுகிறது. நியாஸி வழக்குத் தொடுப்பவராகவும், ஸர்ரீன் என்னும் மாணவி எதிர்வாதம் செய்பவராகவும், ஆசிரியரே குற்றம் சாட்டப்பட்ட நூலாகவும் நிற்கின்றனர். புனைவையும் வாழ்வையும் பிரித்தறிய இயலாமையே நியாஸியின் குறை என்கிறார் ஸர்ரீன். முடிவில் முறையான தீர்ப்பு எதுவும் வழங்கப்படவில்லை.

தீர்ப்பின்றி முடிந்ததே இவ்வழக்கின் சிறப்பு. நியாஸியின் வாதம் ஆசிரியருக்கு உடன்பாடானது அன்று. ஆயினும் அவருடைய குரல் நூலில் இடம்பெறுகிறது. மறுப்பவர் ஒருவர் இருந்தமையால்தான் மற்றவர்கள் புதினத்தை மீண்டும் கருத்தூன்றிப் படிக்க நேர்ந்தது.

வியாழக்கிழமை வட்டத்திலும் இத்தகைய இடங்கள் உள்ளன. சமயப்பற்று மிக்க மஹ்ஷித், புரட்சிக்கு முன்பே தம் விருப்பத்தால் முக்காடு அணிந்தவர். அரசு அதனைக் கட்டாயமாக்கியபோது, தாமே தேர்ந்த ஒன்றன் பொருளை இழந்தவர். கட்டுகளை வெறுக்கும் அஸீனுக்கும் அவருக்கும் இடையே எழும் பூசல்கள் புதினத்தைப் பற்றியனவாகத் தொடங்கி வாழ்வைப் பற்றியனவாக விரிகின்றன. ஆஸ்டின் பகுதியில் 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' புதினத்தின் புகழ்பெற்ற முதல் தொடரை யாஸ்ஸி தம் நாட்டு நிலைக்கேற்ப நகையாக மாற்றிக் கூறுகிறார். 1813இல் இங்கிலாந்தில் வெளிவந்த எள்ளல், டெஹ்ரானில் புதிய இலக்கைக் கண்டடைகிறது. இவ்விடங்களில் மாணவியர் ஆசிரியரின் விளக்கத்தைக் கேட்போராக மட்டும் நில்லாமல், தாமே பொருள் படைப்போராகின்றனர்.

கூற்றின் உரிமை

இவ்விடங்கள் நூல் முழுவதும் நிகழ்வனவல்ல. நூலின் கூற்று நஃபீஸி ஒருவருக்கே உரியது. எழுவரின் சொற்களும் அவர் நினைவின் வழியாகவே நம்மை அடைகின்றன. டோலரஸின் குரல் ஹம்பர்ட்டின் கூற்றில் மறைந்துபோனதைக் கண்டுணர்ந்த அதே மாணவியர், தம் குரலை மற்றொருவரின் கூற்றில் ஒப்படைத்துள்ளனர். இஃது இந்நூலின் அடிப்படை முரணாகும்.

இம்முரணை நஃபீஸியின் குற்றமாக மட்டும் கொள்வது முறையன்று. மாணவியர் பெயர் வெளிப்படின் நேரக்கூடிய இடரைக் கருதியே அவர்கள் மறைக்கப்பட்டனர். ஹம்பர்ட்டின் மறைப்பு உடைமையாக்கும் நோக்குடையது. நஃபீஸியின் மறைப்பு காக்கும் நோக்குடையது. எனினும் நோக்கம் வேறாயினும் விளைவில் ஒப்புமை உண்டு. பல இடங்களில் மாணவியர் தனி மாந்தராக அமையாமல், ஆசிரியரின் கருத்துக்குச் சான்றாக நிற்கும் வகைமாதிரிகளாகச் சுருங்குகின்றனர். ஆசிரியர் கருத்தை மறுத்து எழுவருள் ஒருவர் ஒரு புதினத்தை வேறாகப் படித்து, அவ்வாசிப்பே வட்டத்தில் நிலைபெற்றதாகக் காட்டும் இடம் அரிது.

சிறைப்புறத்தார்

அகப்பாடல் மரபில் சிறைப்புறம் என்பது குறிப்பிடத்தக்க கேட்போர் நிலையாகும். தலைவன் வேலிப்புறத்தே நிற்பதை அறிந்த தோழி, தலைவியிடம் கூறுவாள்போல அவன் கேட்குமாறு கூறுவாள். முன்னிலையில் இருப்பவள் தலைவி. ஆயினும் கூற்றின் பயன் சிறைப்புறத்தானைச் சென்றடைகிறது. வரைதல் போன்ற ஒரு செயலுக்கு அவனைத் தூண்டுவதே அக்கூற்றின் நோக்கம்.

நஃபீஸியின் நூலுக்கும் இத்தகைய இருவகைக் கேட்போர் உண்டு. கூடத்தில் அமர்ந்த எழுவர் முன்னிலைக் கேட்போர். ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற நூலைப் படித்த அமெரிக்க வாசகர் சிறைப்புறத்தார். நூறு வாரங்களுக்கு மேல் அந்நாட்டின் விற்பனைப் பட்டியலில் நின்ற இந்நூல், அங்குள்ள வாசிப்பு வட்டங்கள் விரும்பிப் படித்த நூல்களுள் ஒன்றாயிற்று. வட்டத்தைப் பற்றிய நூலே பிற வட்டங்களின் பாடமாயிற்று. அவ்வாசகரின் காலம் வேறு. 2003இல்தான் அமெரிக்கா ஈராக்கின்மீது படையெடுத்தது.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹமீத் தபாஷி 2006இல் எழுப்பிய கடுங்கண்டனத்தை இப்பின்னணியில் காணவேண்டும். ஈரானியப் பெண்களை மீட்கப்பட வேண்டியவர்களாகக் காட்டி, இந்நூல் அமெரிக்கப் போர் நோக்கிற்குத் துணைபோகிறது என்பது அவர் வாதம். நூலின் அட்டைப்படத்தையும் அவர் சான்றாகக் காட்டினார். முக்காடிட்ட இரு பெண்கள் குனிந்து எதையோ படிப்பதாக உள்ள அப்படம், உண்மையில் தேர்தல் செய்தி தாங்கிய நாளிதழை அவர்கள் படிக்கும் ஒளிப்படத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. நாளிதழ் நீக்கப்பட்டமையால் நாட்டின் அரசியலில் ஈடுபாடு கொண்ட பெண்கள், தடைசெய்யப்பட்ட நூலை மறைவாகப் படிப்போராக மாறிவிட்டனர். இக்கண்டனம் வலுவானது. ஆயின் தபாஷி சிறைப்புறத்தாரை மட்டும் நோக்கி, முன்னிலைக் கேட்போரை மறந்தார். எழுவர்க்கு அவ்வாசிப்பு எவ்வகைப் போருக்கும் துணையாக இருக்கவில்லை. நாள்தோறும் இழந்துவந்த தன்மதிப்பை வாரம் ஒருமுறை மீட்டுக்கொள்ளும் வழியாகவே இருந்தது.

விடுபட்ட வட்டம்

ஃபாத்திமே கெஷவர்ஸ் 2007இல் வெளியிட்ட 'ஜாஸ்மின் அண்ட் ஸ்டார்ஸ்' என்னும் நூலில் வேறொரு குறையைச் சுட்டினார். ஃபொரூக் ஃபரோக்சாத், ஷஹர்நூஷ் பார்சிபூர் போன்ற பெண் படைப்பாளரைப் பெற்ற பாரசீக இலக்கியம், நஃபீஸியின் நூலில் உரிய இடம் பெறவில்லை என்பது அவர் கருத்து. வியாழக்கிழமை வட்டத்தில் 'ஆயிரத்தொரு இரவுகள்' படிக்கப்பட்டதாயினும் இக்கருத்து பெரும்பாலும் ஏற்கத்தக்கதே.

இதற்கு நூலுக்குள்ளேயே ஒரு சான்று உண்டு. பாரசீகச் செவ்விலக்கியங்களை நண்பர் சிலருடன் கூடிப் படித்த மற்றொரு வட்டத்தைப் பற்றி நஃபீஸி சுருக்கமாகக் குறிப்பிடுகிறார். அங்கு ரூமி, ஹாஃபிஸ், ஃபிர்தௌசி முதலியோர் படிக்கப்பட்டனர். அவ்வட்டத்தில் அவர் ஆசிரியர் அல்லர், நண்பருள் ஒருவர். கூற்றுக்குரியவராக இல்லாமல் கேட்போராகவும் அவர் அமர்ந்த அவ்வட்டம் விரித்துரைக்கப்பட்டிருப்பின், மேலைப் புதினம் ஒன்றே விடுதலைக்கு வழி என்னும் தோற்றம் நீங்கியிருக்கும். கற்பிக்கும் வட்டத்திற்கும் நட்பு வட்டத்திற்கும் உள்ள வேறுபாடும் விளங்கியிருக்கும்.

முடிவுரை

கூடிப் படிக்கும்போது புதினத்தின் பொருளை ஆக்குவதில் கேட்போரும் களனும் காலமும் பங்கு பெறுகின்றன என்பதற்கு டெஹ்ரான் வட்டம் தக்க சான்றாகும். அமெரிக்கச் சூழலில் எழுந்த 'லோலிட்டா' அங்குப் பறிக்கப்பட்ட வாழ்வின் கதையாக விரிந்தது புதினத்திற்கு இழப்பன்று, ஆக்கமே.

வாசிப்பு வட்டத்தின் மதிப்பு அது மறுப்பிற்குத் தரும் இடத்தைப் பொறுத்தது. காட்ஸ்பி வழக்கிலும் மஹ்ஷித், யாஸ்ஸி ஆகியோரின் குரல்களிலும் நூல் உயர்ந்து நிற்கிறது. கூற்று ஒருவரிடமே குவியும் இடங்களில் தளர்கிறது.

நூலின் அரசியலை மதிப்பிடுவோர் முன்னிலைக் கேட்போரையும் சிறைப்புறத்தாரையும் பிரித்து நோக்குதல் வேண்டும். ஒரு சாராரை மட்டும் கருதும் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் குறையுடையனவே. அவ்வெழுவரும் தத்தம் பெயரில், தத்தம் கூற்றில் அப்புதினங்களைப் பற்றி எழுதும் நாளில்தான் அவ்வட்டத்தின் வாசிப்பு முழுமை பெறும்.