வெயிலில் கரையும் நீலம்

வல்லக்கோட்டை முருகனைத் தரிசித்துவிட்டுக் குளக்கரையில் அமர்ந்து, நடுப்பகல் வெயில் நீரின்மீது துண்டு துண்டாய் உடைந்து மினுங்குவதைக் காணும்போதெல்லாம், அதே வெயில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் மௌனமாகச் செய்யும் மற்றொரு காரியம் என் நினைவில் எழுகிறது. மயிற்கழுத்தின் வர்ணத்தை ஒத்த மெத்திலீன் நீலச் சாயநீரில், சுவர்ப்பூச்சுக்கு வெண்மை தரும் டைட்டேனியம் டையாக்ஸைடுப் பொடியை, விபூதியினும் மென்மையான அதனை, ஒரு சிட்டிகை தூவி, சாயம் துகள்களில் படிந்து சமநிலை எய்தும்வரை அரைமணி நேரம் இருளில் கலக்கிக் காத்திருந்து, பின்னர் வெயிலில் வைத்தால், காந்தக் கலக்கி சுழலும் மெல்லிய ஓசையன்றி வேறு ஆரவாரமேதுமின்றி, பால் கலந்த நீலம் வானாகி, வான் விடியற்பனியாகி வெளிறிக்கொண்டே போகிறது.

கதிரவனின் புறஊதாக் கதிர் தீண்டிய துகள், தான் அழியாமலே, நீரிலிருந்தும் பிராணவாயுவிலிருந்தும் தீவிரமான கூறுகளைப் பிறப்பிக்க, அவை நூற்சிக்கை அவிழ்க்கும் நெசவாளியின் விரல்களைப்போல் சாயமூலக்கூற்றின் பிணைப்புகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்து, போதிய அவகாசம் கிடைப்பின், கரியமில வாயுவாகவும் நீராகவும் எளிய உப்புகளாகவும் ஆக்கிவிடுகின்றன. நிறம் மறைந்த மாத்திரத்தில் நீர் சுத்தமாகிவிடாது என்பதும், ஒளி ஊடுருவாத அடர்ந்த சாயக்கழிவின்முன் இவ்வித்தை தயங்கும் என்பதும், சாயப்பட்டறைக் கழிவோடு கலந்து நொய்யல் ஆற்றை வருத்திய உப்பை இது தீண்டுவதில்லை என்பதும் உண்மையே. ஆயினும், காஞ்சிபுரத்துப் பட்டில் சாயத்தை நிலைபெறச் செய்யும் கரத்தின் சாமர்த்தியத்தைப் போற்றும் நாம், நீரினின்று அதனை விடைபெறச் செய்யும் இந்த வெண்பொடியின் பொறுமையையும் சற்றே நின்று ரசிக்கலாம்.