உயரம் காக்கும் கம்பி

சாரல் காலத்தில் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனால், குளிக்கும் அவசரத்திலும் நிற்கிற வண்டிகளைக் கொஞ்சம் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் வைத்த பழைய வேன், ஆள் ஏற ஏறப் பின்பக்கம் அமுங்கும். ஏர் சஸ்பென்ஷன் பேருந்தோ, ஈரத்துணியோடு மொத்தக் கூட்டமும் ஏறினாலும் சற்றுத் தாழ்ந்து மறுபடி பழைய உயரத்துக்கு வந்துவிடும்.

அந்த வேலையைச் செய்வது ஆக்சிலுக்கும் சேஸிக்கும் நடுவே உள்ள லெவலிங் வால்வும் அதன் சிறு கம்பியும். வண்டி தாழ்ந்தால், ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் பலூனுக்குள் காற்று ஏறும், உயர்ந்தால் வெளியேறும். கணினி எதுவும் வேண்டாம். 1955இல் வந்த சித்ரோயன் டிஎஸ் கார் இதை எண்ணெயும் நைட்ரஜனும் கொண்டு செய்தது. ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியிலும் எண்ணெய், வாயு சேர்ந்த சஸ்பென்ஷன்தான். எனக்கென்னவோ பேருந்துக் கம்பியின் எளிமைதான் பிடிக்கிறது.

இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் உடனே பலூனைக் குறை சொல்வார்கள், பாவம். முதலில் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கசிவைக் குமிழ் காட்டிக்கொடுக்கும். குமிழே வரவில்லையா? கம்பி வளைந்திருக்கிறதா, புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குற்றாலத்து ஈரக்காற்றை இழுக்கும் கம்ப்ரசர் தண்ணீரையும் சேர்த்தே உள்ளே தள்ளும். ஏர் டேங்க்கின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்துவிடாவிட்டால் வால்வு துருப்பிடிக்கும்.

சேஸிக்கு ஸ்டாண்டு முட்டுக்கொடுக்காமல் மட்டும் அடியில் படுக்காதீர்கள். காற்று போனால் வண்டி அப்படியே இறங்கிவிடும்.