வேங்கடக் கதையில் களனும் வரைவும்

சங்க அகப்பாடல்களில் வேங்கடம் பெரும்பாலும் பிரிவின் நிலமாகவே வருகிறது. புல்லி என்னும் தலைவனுக்குரிய அம்மலையைக் கடந்து, மொழி வேறுபட்ட நாட்டிற்குப் பொருள் தேடிச் சென்றவனை நினைந்து இரங்கும் கூற்றுகளை அகநானூற்றில் மாமூலனார் பல பாடல்களில் அமைத்துள்ளார். தொல்காப்பியப் பாயிரம் அதனைத் தமிழின் வட எல்லையாகக் காட்டும். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் நிலைமை மாறுகிறது; மணம் வேண்டும் ஒருத்தி மேகங்களை அம்மலைக்குத் தூது விடுகிறாள். புராணக் கதையிலோ மண வேட்கை மலையிலிருந்தே கீழிறங்கி வருகிறது. பிரிவுக்குரிய நிலம் மணத்துக்குரிய நிலமாக மாறிய இம்மாற்றத்தை, வரைவு நிகழும் இடம், வரைவைக் குறிக்கும் சொல் என்னும் இரண்டையும் கொண்டு நோக்குவது மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன் தரும்.

வேங்கடாசல மாகாத்மியம் என வடமொழியில் தொகுக்கப்பெற்றுள்ள கதைகளுள் பத்மாவதி திருமணம் பெரிதும் வழங்குவது. பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவைச் சேர்ந்த வெங்கமாம்பா அம்மாகாத்மியத்தைத் தெலுங்கில் பாடினார். 1960இல் பி. புல்லையா இயக்கிய தெலுங்குத் திரைப்படம் அதனைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டு சென்றது. கதையின் மணமகள் ஊராகிய நாராயணவனம் புத்தூருக்கு அருகிலுள்ளது. 2022 வரை சித்தூர் மாவட்டத்திலிருந்து, பின்னர்த் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் பகுதி அது. எனவே இக்கதையை ‘பெயர்த்தல்’ என்பது அங்கு நூலுக்கு முன்பே நாவில் நிகழ்ந்துவிடும் செயல்.

வேட்டைக்குப் புறப்பட்ட சீனிவாசன் குதிரை மீது ஒரு யானையைத் தொடர்ந்து வருகிறான். யானை அவனை ஆகாசராசன் மகள் பத்மாவதி தோழியருடன் விளையாடும் பூந்தோட்டத்தில் கொண்டு சேர்க்கிறது. அவன் பேச்சுக் கொடுக்கிறான். தன் விருப்பத்தையும் வெளியிடுகிறான். மகளிர் கல்லெறிகின்றனர். குதிரை மாள்கிறது. அவன் நடந்தே மலைக்குத் திரும்பிப் படுத்துவிடுகிறான். பக்தி நூற் சுருக்கங்கள் சில இக்கல்லெறியை நாணமாகவோ விளையாட்டாகவோ மென்மைப்படுத்திக் கடந்துவிடுகின்றன. இது கதைக்குச் செய்யும் நீதியன்று. குதிரை இறந்த பின்னும் அதனை விளையாட்டு என்பது பொருந்தாது.

இக்காட்சியைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டோடு ஒப்பிடுதல் தகும். அங்கும் வேட்டுவன் ஒருவன் மகளிர் இருக்கும் இடத்திற்கு வருகிறான்; அவன் நாய்கள் அவர்களை அச்சுறுத்துகின்றன; தப்பிய விலங்கைப் பற்றி அவன் வினவுகிறான்; அவர்கள் வாய் திறக்கவில்லை. பின்னர் யானை சினந்து வர, அவன் அம்பெய்து அதனை விலக்குகிறான். பிற்கால இலக்கணத்தார் களிறுதரு புணர்ச்சி என்று பெயரிட்ட துறை இது. அருவி நீரைக் குடித்து அவன் சூளுரைப்பதும், பின்னர்த் தோழி செவிலியிடம் அறத்தொடு நிற்பதும் அதன்மேல் எழுந்தவை. வேங்கடக் கதையிலும் யானை உண்டு; ஆனால் அது அவனை வழிநடத்தி வந்து விலகிவிடுகிறது. அதனிடமிருந்து அவளைக் காக்கும் நிகழ்ச்சி இல்லை. ஆகவே அவன் பேச்சுக்கு நிலைக்களன் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று கடன் பெற்றது என இதனால் நிறுவ இயலாது. எனினும் ஒரே உறுப்புகள் எதிர்மாறான விளைவைத் தரும் முறை கருதத்தக்கது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தவே கபிலர் இப்பாட்டைப் பாடினார் என்பது மரபுச் செய்தி. வேற்றுமொழியாளனுக்கு எடுத்துக்காட்டத் தேர்ந்த பொருள் இலக்கண விதி அன்று, ஓர் ஆண் ஒரு பெண்ணை அணுகும் முறை என்பது மொழிபெயர்ப்போர் எண்ணிப் பார்க்க வேண்டியது.

அம்முறையின் நுட்பம் தொல்காப்பியக் களவியலில் உள்ளது. சந்திப்புக்குரிய களத்தைச் சுட்டிக் கூறுதல் கிழவிக்கு உரியது என்றும், அது அவள் சென்று சேரத்தக்க இடமாதல் வேண்டும் என்றும் அந்நூல் வகுக்கிறது. பகற்குறி மனைக்குப் புறம்பே அமைவதாயினும் அவள் அறிந்து வரும் வழியினதாக இருக்க வேண்டும். இடம் அவள் கூற்று. அல்லது அவள் பொருட்டுத் தோழியின் கூற்று. இக்காலத்தில் மலையுச்சியிலோ கடற்கரையிலோ, அவள் அறியாவண்ணம் ஏற்பாடு செய்து மோதிரம் நீட்டும் வழக்கத்தில் இடத்தைத் தேர்பவன் பெரும்பாலும் ஆண். அவள் அறியாதிருத்தலே அதன் சிறப்பாகவும் எண்ணப்படுகிறது. நாராயணவனத்துப் பூந்தோட்டம் எழிலில் எதற்கும் குறைந்ததன்று. ஆயினும் அவள் குறித்த களன் அன்று அது. அவளது களத்துள் அவன் குறியின்றிப் புகுந்தான்.

அடுத்து அவன் மேற்கொள்ளும் உபாயம் இதனை உறுதி செய்கிறது. தாயின் நிலையில் இருக்கும் வகுளமாலிகையைப் பெண் கேட்க அனுப்பிய பின், அவனே குறிசொல்லும் பெண்ணாக வேடம் பூண்டு அரண்மனைக்குள் செல்கிறான். தெலுங்கில் ‘எருக’ என்பதற்கு அறிவு என்பது பொருள். ‘எருக செப்புதல்’ குறி சொல்லுதல். அகப்பாடல்களில் மகளின் மெலிவு கண்ட தாய் கட்டுவிச்சியை அழைப்பாள். அவள் நெல்லைப் பரப்பிப் பார்த்து முருகு அணங்கியது என்பாள். மெய்க்காரணம் மலைநாடன் ஒருவன் என்பதை அவள் அறியாள்; தோழி அறிவாள். வேங்கடக் கதையில் மலைநாடனே கட்டுவிச்சியாகி வருவதால் குறி முதன்முறையாக மெய்யாகிறது. குறவஞ்சி நாடகத்தில் தலைவன் பெயரைச் சொல்லும் குறத்தி வேறு, தலைவன் வேறு; இங்கே இருவரும் ஒருவர். இவ்விடத்தில் ‘சோதிடக்காரி’ என்று பெயர்ப்பவர் இத்தொடர்பு முழுவதையும் இழக்கிறார். ‘கட்டுவிச்சி’ வழக்கொழிந்தது என்று தயங்கினால் ‘குறத்தி’ போதும்.

சொல்லளவில் எஞ்சும் இடர் பெரிது. தோட்டத்தில் சீனிவாசன் பேசியதையும், வகுளமாலிகை அரசனிடம் பேசியதையும் ஆங்கிலம் ‘புரபோசல்’ என்னும் ஒரே சொல்லால் தரக்கூடும். அதனைத் தமிழுக்குக் கொணர்வோர் ‘திருமண முன்மொழிவு’ என்று ஆக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். தமிழில் முன்னது விருப்பம் உரைத்தல். பின்னது பெண் கேட்டல், பழஞ்சொல்லால் வரைவு. முன்னது மறுக்கப்பட்டபோது வரைவு மறுக்கப்படவில்லை. அது இன்னும் தொடங்கவேயில்லை. தெலுங்கின் ‘பெள்ளி சூப்புலு’ இவ்விரண்டிலும் சேராது. அது பெண் பார்த்தல். ‘வரைவு’ என்பதையே ஆளலாம் என்றால், சட்ட வரைவு, வரைவு அறிக்கை எனப் புதுப்பொருள் அச்சொல்லை முழுதும் கைக்கொண்டுவிட்டது. அடிக்குறிப்பின்றி அதனை இன்று இடுதல் நகைப்புக்கே இடமாகும். ‘பெண் கேட்டல்’ எளியது, உயிருள்ளது. உயர்நடைக்குப் பொருந்தாது என அதனை ஒதுக்குவதற்குக் காரணமில்லை.

இன்னொரு கலைச்சொல் மட்டும் காக்கத்தக்கது. அரசன் இசைந்த பின் மணச் செலவுக்குச் சீனிவாசன் குபேரனிடம் கடன் பெறுகிறான். உண்டியலில் விழும் காணிக்கை அக்கடனுக்கே சேர்கிறது என்பது மக்கள் நம்பிக்கை. தமிழாக்கங்கள் ‘கடன்’ என்பதோடு நிற்கும். அகமரபில் இதற்கு வரைபொருள் என்று பெயர். அதன் பொருட்டுத் தலைவன் பிரிதல் தனித் துறை. மாமூலனார் காட்டும் தலைவர்கள் பொருள் தேடி வேங்கடத்தைக் கடந்து போயினர். வேங்கடத்துக்குரியவனோ வரைபொருளின் பொருட்டு எங்கும் பிரியவில்லை. பொருளுடையோர் அவன் மலைக்கு வருகின்றனர்.