மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சரியான ஒப்பீடாகுமா?

சிசேரியன் அறுவையின்போது தாயை முழு மயக்கத்தில் ஆழ்த்தாமல், முதுகில் ஓர் ஊசி போட்டு மார்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் முறை இன்று பரவலாகிவிட்டது. அந்த ஊசிக்கு எந்த மருந்து சிறந்தது என்று ஒப்பிடும் ஆய்வுக் கட்டுரைகளும் ஆண்டுதோறும் வந்த வண்ணம் உள்ளன. மருத்துவம் என் துறையன்று. ஆயினும் நிறுப்பதும் அளப்பதும் இயற்பியல் ஆசிரியனின் அன்றாட வேலை. அந்த உரிமையில், இக்கட்டுரைகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பது பற்றிச் சில கூற விரும்புகிறேன்.

இரு மருந்துகளைப் பற்றித்தான் பேச்சு மிகுதி. ஒன்று, நெடுநாள் பழக்கத்திலுள்ள பியூப்பிவக்கெய்ன். மற்றொன்று, அதற்குப் பின் வந்த ரோப்பிவக்கெய்ன். ‘ரோப்பிவக்கெய்னில் இரத்த அழுத்தம் குறைவாகவே சரிகிறது, கால்களும் விரைவில் அசைகின்றன; ஆகவே அதுவே மேல்’ என்ற முடிவைப் பல இடங்களில் காணலாம். எந்த அளவுக்கு எந்த அளவை ஒப்பிட்டார்கள் என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. தண்டுவடத் திரவத்தில் செலுத்தும்போது ரோப்பிவக்கெய்னின் வீரியம் பியூப்பிவக்கெய்னின் வீரியத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். இரண்டையும் ஒரே மில்லிகிராம் அளவில் கொடுத்து ஒப்பிடுவது எப்படி இருக்கிறதென்றால், 100 வாட் விளக்கையும் 60 வாட் விளக்கையும் ஏற்றி வைத்து, ‘இரண்டாவது விளக்கு கண்ணைக் கூசவில்லை, எனவே அதன் இழை உயர்ந்த உலோகம்’ என்று தீர்ப்புச் சொல்வது போலிருக்கிறது. பியூப்பிவக்கெய்னையே குறைத்துக் கொடுத்திருந்தாலும் கால்கள் விரைவில் அசைந்திருக்குமே!

இது வெறும் கணக்குப் பிழையன்று. அளவு மிகுந்தால் தாயின் இரத்த அழுத்தம் சரியும். நஞ்சுக்கொடிக்குச் செல்லும் தாயின் இரத்தம் குறையும். அளவு குறைந்தால், வயிறு திறந்திருக்கும்போதே வலி தெரியத் தொடங்கும்.

ஒப்பீட்டை ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. 2001-இல் தென் கொரியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில் 12 மி.கி. பியூப்பிவக்கெய்னுக்கு எதிரே 18 மி.கி. ரோப்பிவக்கெய்னை வைத்தார்கள். இரண்டிலும் குளுகோஸ் கலந்திருந்தது. அறுவைக்கு இரண்டுமே போதுமானவையாக இருந்தன. கால்களின் செயலிழப்பு பியூப்பிவக்கெய்னில் சராசரியாக 159 நிமிடமும், ரோப்பிவக்கெய்னில் 114 நிமிடமும் நீடித்தது. ஆக, ரோப்பிவக்கெய்னுக்கு உண்மையிலேயே ஒரு தனிக்குணம் இருக்கிறது. ஆனால் தராசைச் சமன் செய்த பிறகுதான் அதை நம்ப முடிகிறது.

வேறொரு பொறியும் உண்டு. வெவ்வேறு ஆய்வுகளில் கிடைத்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவது! நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குப் போதுமான அளவு பியூப்பிவக்கெய்னில் 11.2 மி.கி. என்று 2004-இல் ஸ்டான்ஃபோர்டில் கணக்கிட்டார்கள். ரோப்பிவக்கெய்னில் அது 26.8 மி.கி. என்று 2001-இல் ஹாங்காங்கில் கணக்கிட்டார்கள். இரண்டையும் வகுத்துப் பார்த்து, ‘வீரியம் பாதிக்கும் குறைவு’ என்று எழுதிவிடலாம். ஆனால் முதல் ஆய்வில் பியூப்பிவக்கெய்னுடன் ஃபென்டனிலும் மார்ஃபினும் சிறு அளவில் சேர்க்கப்பட்டிருந்தன. கரைசலும் குளுகோஸ் கலந்தது. இரண்டாவதில் வலி நீக்கத் துணை மருந்து எதுவும் இல்லை, குளுகோஸும் இல்லை. இரு மாடுகள் பூட்டிய வண்டியையும் ஒரு மாடு பூட்டிய வண்டியையும் ஓட்டிப் பார்த்து மாட்டின் வலிமையைக் கணிப்பது முறையாகுமா?

குளுகோஸ் என்றேன். ஒப்பீடுகளில் போதிய கவனம் பெறாத பொருள் இதுதான் என்பது என் கருத்து. தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள திரவத்தின் அடர்த்தி, கருவுற்ற பெண்களுக்கு 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.0003 கிராம். நம் நாட்டு அறுவைக் கூடங்களில் ‘ஹெவி’ என்று வழங்கும் பியூப்பிவக்கெய்ன் 4 மி.லி. குப்பியாக வருகிறது, அதில் ஒவ்வொரு மி.லி.யிலும் 80 மி.கி. டெக்ஸ்ட்ரோஸ் உண்டு. அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.02. வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். ஆனால் சர்க்கரைப் பாகைத் தண்ணீரில் விட்டால் அது அடிக்கு இறங்குவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே நிகழ்ச்சிதான் இங்கும்.

முதுகெலும்பு நேர்க்கோல் அன்று. மல்லாந்து படுக்கும்போது இடுப்புப் பகுதி மேடாகவும், மார்புப் பகுதியின் நடுப்பாகம் பள்ளமாகவும் அமையும். இடுப்பில் ஊசி போட்டதும் தாயைப் படுக்க வைத்தால், கனமான கரைசல் அந்த மேட்டிலிருந்து தலைப்பக்கமாகச் சரிந்து மார்புப் பள்ளத்தில் தேங்குகிறது. சிசேரியனுக்கு மரத்துப்போக வேண்டிய உயரமும் கிட்டத்தட்ட அதுவே. மருத்துவரின் பாதி வேலையைப் புவியீர்ப்பு செய்து கொடுக்கிறது எனலாம். குளுகோஸ் சேராத கரைசல் வேறு விதம். அறை வெப்பத்தில் அதன் அடர்த்தி 1-ஐவிடச் சற்று மிகுதி. உடலுக்குள் சென்று 37 டிகிரியை அடைந்ததும் 1-க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். அதாவது உள்ளே மூழ்கப் புறப்பட்டது, சூடேறியதும் மிதக்கத் தொடங்குகிறது. அது எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

ஹாங்காங் குழுவினரே 2002-இல் இதைச் சோதித்தார்கள். மருந்து ஒன்றே, ரோப்பிவக்கெய்ன். அளவும் ஒன்றே, 25 மி.கி. ஒரு பிரிவில் குளுகோஸ் கலந்தது, மற்றதில் கலக்காதது. குளுகோஸ் கலந்த மருந்து விரைவாக வேலை செய்தது, உயரமாகப் பரவியது, விரைவாகவும் விலகியது. மருந்தை மாற்றாமலே இவ்வளவு மாறுமானால், ஒரு மருந்தைக் குளுகோஸுடனும் மற்றதைக் குளுகோஸின்றியும் கொடுத்துவிட்டு மருந்தின் பெயருக்கு மாலை சூட்டும் கட்டுரைகளை என்னவென்பது?

இனி அளவுகோல். மரப்பு மார்பின் நான்காம் நரம்பு வரை, அதாவது முலைக்காம்பு மட்டம் வரை ஏறியது என்று எழுதுவார்கள். ஐஸ் கட்டியால் பார்த்தார்களா, ஊசி முனையாலா, மெல்லத் தொட்டா? குளிர்ச்சி தெரியாமல் போகும் மட்டம் ஒன்று. தொடு உணர்ச்சி மறையும் மட்டம் அதற்குக் கீழே. அலகு எழுதாத விடைக்கு நாங்கள் மதிப்பெண் தருவதில்லை.

இரத்த அழுத்தச் சரிவின் கதை இதைவிட மோசம். 2010-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 63 கட்டுரைகளைத் தேடி எடுத்தபோது, ‘சரிவு’ என்பதற்கு 15 விதமான இலக்கணங்கள் இருந்தன. அவற்றை ஒரே தொகுதித் தாய்மாரின் பதிவுகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ஓர் இலக்கணப்படி 7.4 விழுக்காட்டினருக்குச் சரிவு; இன்னொன்றின்படி 74.1 விழுக்காட்டினருக்கு! பத்து மடங்கு வேறுபாடு. தாய்மார் அவர்களேதான், அளவுகோல் மட்டுமே வேறு.

ரோப்பிவக்கெய்ன் இதயத்துக்குப் பாதுகாப்பானது என்ற வாதத்தையும் இடமறிந்து வைக்க வேண்டும். பியூப்பிவக்கெய்ன் தவறுதலாக இரத்தத்தில் கலந்தால் இதயம் நின்றுவிடக்கூடும் என்று 1979-இல் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் எச்சரித்தார். புதிய மருந்துகளைத் தேடியதற்கு அதுவே தூண்டுதல். ஆனால் அந்த ஆபத்து, தண்டுவட உறைக்கு வெளியே நூறு மி.கி. அளவில் மருந்து செலுத்தும் முறையைச் சார்ந்தது. இங்கே நாம் பேசுவது 10, 12 மி.கி. லிக்னோகெய்ன் பின்தள்ளப்பட்டதற்குக் காரணமே வேறு: மரப்பு நீங்கிய பின் பிட்டத்திலும் தொடையிலும் சில நாள் நீடித்த வலி, மருந்து வேலை செய்யும் நேரமும் குறைவு.

கடைசியாக, அட்டவணையின் ஓரத்தில் ஒரு பத்தி இருக்கும்: ‘துணை மருந்து தேவைப்பட்டவர்கள்’. மருந்து போதவில்லை என்பதற்குப் பல ஆய்வுகள் காட்டும் சான்று அதுதான். ஆனால் துணை மருந்து கொடுப்பதை முடிவு செய்பவர் மருத்துவர். குழந்தை பிறந்த பின் கருப்பையை வெளியே எடுத்துத் தைக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த பெண், வாய் திறந்து சொல்லாவிட்டால், அந்தப் பத்தியில் இடம்பெற மாட்டாள். அவள் ‘வெற்றி’ என்ற கணக்கில் சேர்ந்திருப்பாள். அந்த நிமிடத்தில் தாயையே கேட்டு, வலியை 0 முதல் 10 வரை எண்ணாகக் குறித்த ஆய்வுகளும் இருக்கின்றன. எந்த ஒப்பீட்டைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.