விழாவும் வேடிக்கையும்

தமிழில் பயணக் கட்டுரைகள் பெருகி வருவது மகிழத்தக்கதே. ஆயினும், தொலைநாட்டுப் பழங்குடி மக்களின் விழாக்களைப் பற்றி எழுதும்போது நம்மவர் பலர் ஒரே அச்சில் வார்த்தாற்போல் எழுதுகின்றனர். இறகு முடி, வண்ணம் பூசிய முகம், முரசொலி, ‘கற்கால மனிதர்’ என்னும் வியப்பு ஆகிய நான்கும் அமைந்துவிட்டால் கட்டுரை முடிந்துவிடுகிறது.

பாப்புவா நியூகினியை எடுத்துக்கொள்வோம். எண்ணூறுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாடு அது. அதன் மலைநாட்டுக் கொரோக்கா நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆடல் விழாவை நாடி வெளிநாட்டார் பலர் செல்கின்றனர். அதனைத் தொன்றுதொட்டு வரும் விழா என்று எழுதுவோர் உளர். உண்மை வேறு. 1957-இல், ஆஸ்திரேலியர் ஆண்ட காலத்தில், ஆட்சி அலுவலர் தொடங்கிய விழா அது. களிமண் முகமூடி அணிந்து அசாரோ மக்கள் ஆடும் ஆட்டமும், இன்று காணும் வடிவத்தை அவ்விழாவை ஒட்டியே பெற்றது என்பர் மானிடவியல் அறிஞர். அதனால் அது போலியாகிவிடாது. பழைய கதையைப் புதிய அரங்கிற்கேற்பப் புனைந்த கலைத்திறன் அது. ‘கற்காலத்தவர்’ என்று எழுதுபவர் அத்திறனைக் காணத் தவறுகிறார்.

அந்நாட்டின் மவுண்ட் ஹேகன் வட்டாரத்தில் ‘மோக்கா’ என்னும் மற்றொரு விழா உண்டு. ஒரு குலத்தார் தாம் பெற்ற பன்றிகளுக்கு மேலாகவே திருப்பிக் கொடுத்துப் புகழ் பெறுவது அதன் நோக்கம். நம் மொய்ப்பழக்கத்தை நினைத்தால் பாதி விளங்கும். மிகுதியாகக் கொடுத்தவனே வென்றவன் என்பது மறுபாதி. 1974-இல் வெளிவந்த ‘ஓங்காவின் பெரிய மோக்கா’ என்னும் ஆவணப்படம் இதனை நன்கு காட்டுகிறது. ஓங்கா என்னும் தலைவர் ஊர் ஊராகச் சென்று, பேசிப் பேசியே பன்றிகளைத் திரட்டுகிறார். இடையே ஒரு தலைவர் இறக்கவும், சூனியம் என்ற வதந்தி எழுகிறது; விழா தள்ளிப் போகிறது. படத்தில் ஆடலைவிடப் பேச்சும் காத்திருப்பும் மிகுதி. அதுவே அதன் சிறப்பு. இறகு முடி யாருக்காக, எதற்காக என்பது காண்போர்க்கு விளங்கிவிடுகிறது.

இந்நெறி நமக்குப் புதியதன்று. குன்றக்குரவையில் குறவர் ஆடுமுன், அவர்கள் வேங்கை நிழலில் யாரைக் கண்டனர் என்பதை இளங்கோவடிகள் சொல்லிவிடுகிறார். காரணம் அறிந்தபின் காணும் ஆட்டம் வேடிக்கையாக நின்றுவிடுவதில்லை.

ஆசிரியர்க்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. நாம் காட்டும் கட்டுரைகளே மாணவர்க்கு முன்மாதிரி. தைப்பூசத்தன்று பத்துமலையில் அலகு குத்துவதை மட்டும் படமெடுத்துச் செல்வோரைக் கண்டு, ‘நேர்த்திக்கடன் என்னவென்று கேட்டாரில்லையே’ என நாம் வருந்துவதில்லையா? அவ்வருத்தம் அறிந்த நாமே, காட்டோரத்து ஓராங் அஸ்லி மக்களின் விழாவைப் பற்றி நம் பிள்ளைகள் அவ்வாறு எழுத விடலாமா?

விழாவைப் பற்றி எழுதும் மாணவனிடம் மூன்று வினாக்கள் கேட்போம். இவ்விழாவைக் கூட்டியவர் யார்? யார் பொருட்டுக் கூட்டினர்? இதனால் தீரும் கடன் யாது? இவற்றுக்கு விடை தேடியபின் அவன் இறகின் நிறத்தை எழுதட்டும்.